ஆறாவது சேத்தாச்சு, ஸ்கூல் அஞ்சரை கிலோமீட்டர், பஸ் நேரத்துக்கு இல்ல. ஏதாவது வழி இருக்கா?

கரிசல்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவ, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுல உள்ள தள்ளி இருக்கு, பேரு வேண்டாம், மொத்தமே எழுவது வீடு. ஊருக்குள்ள அஞ்சாவது வரைக்கும் ஸ்கூல் இருக்கு. மக இந்த வருசம் ஆறாவது. அதுக்கு பக்கத்து பெரிய ஊருக்கு போகணும், அஞ்சரை கிலோமீட்டர். காலைல எங்க ஊருக்கு டவுன் பஸ் 7.10க்கு ஒன்னு, விட்டா 10.30க்குதான். ஸ்கூல் பெல்லு 9.15க்கு. 7.10ல ஏத்தி விட்டா ஏழரைக்கு அங்க எறங்கிருவா, கேட்டு தொறக்க எட்டரை ஆகும், அதுவரைக்கும் பதினோரு வயசு புள்ள ரோட்டோரமா நிக்கணும். ஸ்கூல் தொறந்த மொத வாரம் அப்பிடித்தான் நின்னா, எதுத்தாப்ல இருக்க டீக்கடைக்காரரு பெஞ்சுல உக்கார வச்சிருக்காரு, நல்ல மனுசன்தான், ஆனா டீக்கடைக்கு வர்றவன் எல்லாம் நல்லவனா இருப்பான்னு சொல்ல முடியாதுல்ல.

இன்னொன்னு சொல்லணும், அஞ்சாவது வரைக்கும் காலைல ஸ்கூல்லயே சாப்பாடு போட்டாங்க, உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ, நான் வெள்ளன வேலைக்கு கெளம்பினாலும் அவ வயிறு நெறஞ்சிரும்னு நிம்மதியா இருந்துச்சு. அந்த காலைச் சாப்பாடு ஒன்னுல இருந்து அஞ்சு வரைக்கும்தானாம். அஞ்சாவதுல பசிச்ச புள்ளைக்கு ஆறாவதுல பசிக்காதா என்ன. இப்ப ஏழு மணிக்கு வீட்ட விட்டு கெளம்புறா, அந்நேரத்துக்கு எதுவும் எறங்க மாட்டேங்குது, மத்தியான சத்துணவு வரைக்கும் வெறும் வயிறுதான்.

வீட்டுக்காரரு லாரி ஓட்டுறாரு, மாசத்துல ரெண்டு தடவ வந்தா அதிகம். நான் பட்டாசு யூனிட்டுக்கு போறேன், நாளுக்கு 450, மழை பெஞ்சா வேல கெடையாது, தீவாளி முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு மொத்தமா பூட்டிருவாங்க. யூனிட் வேன் காலைல ஆறரைக்கு எங்க தெருவுக்கே வந்துரும், ஒரு ஆள் வரலேன்னா விடாம ஹாரன் அடிச்சு எழுப்பி கூட்டிட்டு போவாங்க. எங்கள வேலைக்கு அள்ளிட்டு போக வாசலுக்கு வண்டி வருது, எங்க புள்ளைங்கள பள்ளிக்கூடம் கொண்டு போக ஒரு வண்டியும் இல்ல. தெனமும் அந்த வேன்ல உக்காந்து இதத்தான் நெனச்சிட்டு போவேன்.

ஆட்டோக்காரர் ஒருத்தர் வர்றேங்கிறாரு, ஒரு புள்ளைக்கு மாசம் 1200. ஊர்ல இருந்து இந்த மாதிரி நாலு பொம்பளப்புள்ளைங்க இருக்கு, நாலு வீட்டுக்கும் அது கட்டுப்படியாகாது. தூரமா இருந்து வர்ற புள்ளைங்களுக்கு வருசம் 6000 அரசாங்கத்துல குடுப்பாங்கன்னு யாரோ சொன்னாங்க, ஸ்கூல்ல கேட்டா வரும்போது பாக்கலாம்மாங்கிறாங்க. உண்மையிலேயே அப்பிடி ஒன்னு இருக்கா, யாருகிட்ட கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சாக்பீஸ் டீச்சர்:

இருக்கும்மா, நீ கேள்விப்பட்டது நெசம்தான். நான் 31 வருசம் கவர்மெண்ட் ஸ்கூல்ல இருந்து ரிட்டயர் ஆனவ, கடைசி ஆறு வருசம் ஹெச்எம்மா இருந்தேன், அதனால இந்த ஃபைலெல்லாம் என் கையில வந்து போனதுதான்.

2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு தமிழ்நாட்டுல 2011ல விதி போட்டாங்க. அதுல ஒன்னு முதல் அஞ்சு வரைக்கும் வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள, ஆறு முதல் எட்டு வரைக்கும் மூணு கிலோமீட்டருக்குள்ள ஸ்கூல் இருக்கணும். உங்களுக்கு அஞ்சரை. அப்பிடி ஸ்கூல் இல்லாத குடியிருப்புல இருந்து வர்ற புள்ளைங்களுக்கு சமக்ர சிக்ஷாவுல, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சேந்து பணம் போடுற பள்ளிக்கல்வித் திட்டத்துல, வண்டிச் செலவு, கூட ஆள் போறதுக்கான செலவுன்னு ஒரு தலைப்பே இருக்கு, ஒரு புள்ளைக்கு வருசத்துக்கு 6000 ரூபா வரைக்கும். "வரைக்கும்"ங்கிற வார்த்தைய மறந்துராத, எல்லாருக்கும் முழுசா வரும்னு கணக்குப் போட்டு ஆட்டோக்காரருக்கு வாக்கு குடுத்துராத. முழுசா வந்தாலும் பத்து மாசத்துக்கு பிரிச்சா மாசம் 600, நீ சொல்ற ஆட்டோவுக்கு அதுல பாதிதான் ஆகும்.

வாங்குற வழி இதான். மொதல்ல எஸ்எம்சி கூட்டம், அதாவது பள்ளி மேலாண்மைக் குழு. அதுல பெத்தவங்கதான் அதிகம், தலைவரும் ஒரு அம்மாவாதான் இருப்பாங்க, போய் பாரு. இந்த ஊர்ல இருந்து இத்தன புள்ளைங்க, இத்தன கிலோமீட்டர், நேரத்துக்கு பஸ் இல்லன்னு தீர்மானம் போடச் சொல்லு. அந்த தீர்மானத்தோட நகல ஹெச்எம் பிஆர்சிக்கு அனுப்பணும், வட்டார வள மையம், அங்க இருந்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருத்தர் வந்து தூரத்த பாத்துட்டு லிஸ்ட்ல ஏத்துவாரு. லிஸ்ட்ல பேரு ஏறணும், அதான் முக்கியம். பேரு ஏறாத புள்ளைக்கு பணம் வந்தாலும் வராது. ஹெச்எம் "வரும்போது பாக்கலாம்"னு சொன்னதுல ஓரளவு உண்மையும் இருக்கு, 2024-25க்கு சமக்ர சிக்ஷாவுல மத்திய அரசுல இருந்து வர வேண்டிய 2152 கோடி தமிழ்நாட்டுக்கு அந்த வருசம் வரல, பிஎம்ஸ்ரீங்கிற மத்திய அரசோட பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல கையெழுத்து போடலன்னு நிறுத்திட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்கு போயிருக்கு. அதனால இந்த மாதிரி சின்னச் சின்ன தலைப்புதான் மொதல்ல அடிபடும். ஆனா பணம் வரலங்கிறது வேற, பேர எழுதாம விடுறது வேற. ரெண்டாவதுக்கு அவங்கதான் பொறுப்பு.

ஹாஸ்டல் யோசிச்சியா? பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில எட்டு கிலோமீட்டர் தூரம் இருக்கணும்னு விதி, அந்த தூர விதி பொண்ணுங்களுக்கு கெடையாது. சாப்பாடு, தங்குற எடம் எல்லாம் ஃப்ரீ.

கரிசல்பொண்ணு:

டீச்சர் ரொம்ப நன்றி. ஹாஸ்டல் மாமியாரும் சொன்னாங்க. இன்னும் ராத்திரி என் சேலைய புடிச்சிட்டுதான் தூங்குறா டீச்சர், எட்டாவது ஒன்பதாவதுன்னா யோசிக்கலாம்.

சும்மா கேக்குறேன்:

தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாத்துக்கும் அரசாங்கத்தயே எதிர்பாக்கணுமா? சாப்பாடு ஃப்ரீ, புக்கு ஃப்ரீ, பஸ் ஃப்ரீ, இப்ப ஆட்டோவும் ஃப்ரீயா. நாங்கல்லாம் அஞ்சு மைல் நடந்துதான் படிச்சோம். ஒரு பழைய சைக்கிள் 2500க்கு கெடைக்கும் வாங்கி குடுங்க.

சாக்பீஸ் டீச்சர்:

நடந்து படிச்சவங்கதான் இன்னைக்கு இங்க எழுதுறீங்க தம்பி, நடக்க முடியாம நின்னவங்க இங்க எழுத வரல. என் க்ளாஸ்ல அஞ்சாவதோட நின்ன பொண்ணுங்க பேரு இன்னும் எனக்கு மனப்பாடம்.

கரிசல்பொண்ணு:

சைக்கிள் யோசிக்காம இல்ல அண்ணே. அரசாங்க சைக்கிள் பதினொன்னாவதுலதான் தருவாங்க, ஆறுல இருந்து பத்து வரைக்கும் நம்ம பாடு. வாங்கிக் குடுக்கலாம்தான், ஆனா விலக்குல இருந்து, அதான் எங்க ஊருக்கு ரோடு பிரியுற எடம், ஸ்கூல் வரைக்கும் மெயின் ரோடு, ஜல்லி லாரி போற போக்குல பெரியாளே ஓரங்கட்டி நிப்போம். ஊருல இருந்து விலக்கு வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் சீமைக்கருவேல முள்ளு, வாரத்துக்கு ரெண்டு பஞ்சர் நிச்சயம்.

ரைட்டு போலாம் ரைட்:

தங்கச்சி, நான் 28 வருசம் கண்டக்டர், வண்டியில இருந்து எறங்கி நாலு வருசம் ஆச்சு. உன் பிரச்சனைக்கு ஆட்டோ காச விட பஸ்ஸுதான் மருந்து, அத எப்பிடி கேக்கணும்னு சொல்றேன் கேளு.

பாதி பேரு என்ன பண்ணுவாங்கன்னா எங்க ஊருக்கு புது பஸ் விடுங்கன்னு மனு எழுதுவாங்க. புது பஸ்ஸுன்னா வண்டி வேணும், ரெண்டு ஷிஃப்ட்டுக்கு ட்ரைவர் கண்டக்டர் வேணும், அந்த மனு ஃபைல்லயே செத்துப்போகும். நீ டைமிங் மாத்தக் கேளு, இல்ல இருக்குற வண்டிய வளைச்சு விடச் சொல்லு. உன் 7.10 வண்டிய எட்டரைக்கு தள்ளச் சொல்லிராத, அது அனேகமா ராத்திரி ஊர்லயே நின்னு காலைல கெளம்புற நைட் ஹால்ட் வண்டியா இருக்கும், பூ மூட்டை, பால் கேனு, டவுனுக்கு கூலி வேலைக்கு போறவங்க எல்லாம் அதுலதான், அதுல கைய வச்சா உங்க ஊர்க்காரங்களே சண்டைக்கு வருவாங்க. உங்க விலக்குல எட்டரை வாக்குல வேற ரூட் டவுன் பஸ் எதாவது போகுதா பாரு. போகும், கண்டிப்பா போகும். அந்த வண்டி விலக்குல இருந்து உள்ள ரெண்டு கிலோமீட்டர் வந்து திரும்பினா நாலு கிலோமீட்டர் டீசல், பத்து நிமிசம், அவ்ளோதான். ஸ்கூல் நாள்ல மட்டும் காலைல ஒரு நடை உள்ள வந்து போகட்டும்னு கேளு. இத கிளை மேலாளர் மனசு வச்சா மேல எழுதி ஒரு மாசம் சோதனை ஓட்டமா விடலாம்.

இன்னொரு விசயம், யாரும் சொல்ல மாட்டாங்க. பொம்பளைங்க ஃப்ரீ டிக்கெட் இருக்குல்ல, 2021 மே மாசத்துல இருந்து வெள்ளை போர்டு டவுன் பஸ்ல, காசுதான் இல்ல ஆனா டிக்கெட் அடிச்சு குடுக்கணும். உங்க ஊருப்பக்கம் நெறைய பேரு அத வாங்காமயே எறங்கிருவாங்க, காசில்லாத சீட்டு எதுக்குன்னு. அந்த சீட்டுதான்ம்மா கணக்கு! ஒரு நடைல எத்தன பேரு ஏறுனாங்கன்னு டெப்போவுக்கு மெஷின்தான் சொல்லும், அந்த கணக்க வச்சுதான் அரசாங்கமும் போக்குவரத்துக்கு பணம் குடுக்குது. வாங்கலேன்னா வண்டி காலியா போனதா ஆயிரும், காலியா போற நடையதான் மொதல்ல வெட்டுவாங்க. பாஸ்ல வர்ற புள்ளைங்களுக்கு டிக்கெட் அடிக்கிறது இல்ல, அதனால முப்பது புள்ளைங்க தொங்கிட்டு வந்தாலும் மெஷின்ல தெரியாது. அதுக்குதான் ஹெச்எம் லெட்டர் வேணும், இன்ன ஊர்ல இருந்து இத்தன புள்ளைங்க, பெல்லு இத்தன மணிக்குன்னு சீல் வச்சு. அந்த லெட்டரோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடு, நகல் ஒன்னு டெப்போவுக்கு. மனு நம்பர் வாங்காம நகராத.

புது பாஸ் வர்ற வரைக்கும் யூனிஃபார்ம், இல்ல பழைய பாஸ், ஸ்கூல் ஐடி இருந்தாலே போதும், ஏத்திக்கணும்னு உத்தரவு இருக்கு. எவனாவது எறக்கி விட்டா வண்டி நம்பர எழுதி வை.

நிலாவோட அம்மா:

இந்த த்ரெட்ட பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு. நாங்க திண்டிவனம் பக்கம், என் பொண்ணுக்கு மூளை முடக்குவாதம், இப்ப வயசு எட்டு. நடக்க மாட்டா, இடுப்புலதான் தூக்கிட்டு போவேன், இப்ப 22 கிலோ.

உங்க ஊர்ல மாற்றுத்திறனாளி புள்ளைங்க யாராவது இருந்தா அவங்க வீட்டுல சொல்லுங்க, டவுன் பஸ்ல புள்ளைக்கும் ஃப்ரீ, கூட போற ஒருத்தருக்கும் ஃப்ரீ, கூட போறது ஆம்பளையா இருந்தாலும். இது தெரியாம என் வீட்டுக்காரரு ஒரு வருசம் டிக்கெட் எடுத்துட்டு இருந்தாரு. அப்புறம் சமக்ர சிக்ஷாவுல இந்த புள்ளைங்களுக்கு போக்குவரத்து உதவி, துணையாள் உதவின்னு தனியா இருக்கு, ஹெச்எம்ம விட பிஆர்சில இருக்குற சிறப்பு ஆசிரியர்கிட்ட கேட்டாதான் வேல நடக்கும். எங்களுக்கு அவங்கதான் பேங்க் அக்கவுண்ட் ஆரம்பிச்சு குடுத்து யுடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நகல் வாங்கிட்டு போனாங்க. பாதிப்பு அதிகமா இருந்தா மாசம் 2000 பராமரிப்பு உதவித்தொகை தனி, அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல.

ஆனா ஒன்னு, பஸ் ஃப்ரீன்னு சொல்றாங்களே தவிர படி இருக்கே படி, மூணு படி, அது என் இடுப்பு உயரம். ஒரு கைல புள்ள, ஒரு கைல கம்பி, நான் ரெண்டாவது படியில நிக்கிறப்பவே வண்டி எடுத்துருவாங்க. தெரபி போற நாளு ஆட்டோதான், போக வர 300. ஃப்ரீயா இருக்குற எதையும் என்னால உபயோகிக்க முடியல.

ரைட்டு போலாம் ரைட்:

நிலாம்மா, மன்னிச்சுக்கோங்க. நானும் விசில் அடிச்சிருக்கேன் அப்பிடி, டைமிங்க காப்பாத்துற அவசரத்துல.

காட்டுவழி:

வணக்கமுங்க, சத்தியமங்கலம் மேல கடம்பூர் மலையில இருந்து. எங்க பக்கம் பஸ்ஸு டைமிங் எல்லாம் அப்புறமுங்க, மொத யானை. சின்னப் புள்ளைங்கள நடந்து அனுப்பறதுக்கு வழியே இல்ல, நாலு பேரு டார்ச்சும் தகர டப்பாவும் எடுத்துட்டு கூடப் போவோணும். எங்க ஊர் புள்ளைங்களுக்கு டீச்சரம்மா சொன்ன அதே திட்டத்துல ஜீப்பு ஓடுச்சுங்க. நல்லாத்தான் ஓடுச்சு, அப்புறம் நாலு மாசம் வாடகை வரலன்னு ஜீப்புக்காரர் நிறுத்திட்டாரு, அவரும் டீசல் கடனுக்கு போட்டுட்டு எத்தன நாளைக்கு ஓட்டுவாரு. அப்ப ஊர்ல கூடிப் பேசி வீட்டுக்கு 150 போட்டு டீசலுக்கு மட்டும் குடுத்தோம், வாடகை வந்ததும் கழிச்சுக்கலாம்னு. அதனால நீங்க எத பண்ணுனாலும் பணம் லேட்டா வரும்னு வச்சுக்கிட்டே ஆட்டோக்காரர்கிட்ட பேசுங்க, அவரு வாயில இருந்தே எத்தன மாசம் தாங்குவாருன்னு கேட்டுக்கோங்க.

குட்டியானை குமாரு:

மினி பஸ் பத்தி யாரும் சொல்லலயே. 2025 ஜூன் 16ந்தேதி தஞ்சாவூர்ல புது மினி பஸ் திட்டம் ஆரம்பிச்சாங்க, மொத்தம் 25 கிலோமீட்டர் வரைக்கும் ரூட் போடலாம், அதுல பெரும்பகுதி பஸ்ஸே போகாத ரோடா இருக்கணும். உங்க ஊரு மாதிரி ஊருக்குத்தான் அது. உங்க ஏரியா ஆர்டிஓ ஆபீஸ்ல ரூட் லிஸ்ட் பாருங்க, இல்லேன்னா சேக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. ஆனா மினி பஸ் தனியார் வண்டி, திட்டம் ஆரம்பிச்சப்ப லேடீஸ் ஃப்ரீ கெடையாது, ஸ்கூல் பாஸும் செல்லாது, டிக்கெட் எடுத்துத்தான் போகணும்னு இருந்துச்சு. அப்பிடியும் 1200க்கு இது எவ்வளவோ தேவல. தயவு செஞ்சு என்ன மாதிரி லோடு வண்டில மட்டும் புள்ளைங்கள ஏத்தி அனுப்பிராதீங்க, தெனமும் எவனாச்சும் கேக்குறான், நான் ஏத்துறதே இல்ல.

சும்மா கேக்குறேன்:

நான் ஏதோ கேட்டேன்னு எல்லாரும் அடிக்க வர்றீங்க. சரி விடுங்க. அந்த மனு எழுத ஆள் இல்லேன்னா நான் டைப் பண்ணி தர்றேன்ம்மா, டீடெயில் மட்டும் இன்பாக்ஸ்ல போடுங்க.

கரிசல்பொண்ணு:

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லணும்ல. வழி சொன்னவங்களுக்கும் மனு எழுதிக் குடுத்த அண்ணனுக்கும் ரொம்ப நன்றி, கோவக்காரரா இருந்தாலும் மனு சுத்தமா எழுதியிருந்தாரு.

எஸ்எம்சில தீர்மானம் போட்டாச்சு, மூணு அம்மாமாரு கூட வந்தாங்க, ஒரு நாள் கூலி போச்சு நாலு பேருக்கும். பேரு லிஸ்ட்ல ஏறிருச்சு, பணம் எப்பன்னு யாருக்கும் தெரியல. பஸ்ஸுதான் அண்ணே சொன்ன மாதிரியே நடந்துச்சு. 8.35க்கு விலக்குல ஒரு டவுன் பஸ் போகும்னு எனக்கு தெரியும், நெறஞ்சு வந்தா நிக்காம போயிரும், அதனால அத கணக்குலயே வைக்கல. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை வரிசைல நின்னு குடுத்தேன், ஹெச்எம் லெட்டரோட. டெப்போல ஒருத்தர் மொதல்ல நாலு புள்ளைக்கு ஒரு பஸ் வளைச்சு விடணுமான்னு கேட்டாரு. நாலு இல்ல சார், பதினொன்னுன்னு லெட்டர காமிச்சேன், வழியில இருக்குற காலனி புள்ளைங்களையும் ஹெச்எம் சேத்து எழுதியிருந்தாரு, எனக்கே அங்க போய்த்தான் தெரியும்.

ஒரு மாசம் சோதனைக்கு விட்டிருக்காங்க. நேத்து மொத நாளு, நான் லீவு போட்டுட்டு நின்னேன். 8.40க்கு கருவேல மரத்துக்கு மேல புழுதி கெளம்புச்சு, அதுக்கப்புறம்தான் வண்டியே தெரிஞ்சுச்சு. கெழவிங்க ரெண்டு பேரு போக வேண்டிய சோலியே இல்லாம ஏறி உக்காந்துட்டாங்க, ஜீரோ டிக்கெட் கேட்டு வாங்கினாங்க, நான்தான் சொல்லி வச்சிருந்தேன். மக காலைல மூணு இட்லி சாப்ட்டுட்டு போனா.

ஆனா சாயங்காலம் ஸ்கூல் 4.10க்கு விடுறாங்க, உள்ள வர்ற பஸ் 5.45க்குதான், விலக்குல எறங்கி நடந்தா அந்த முள்ளுக்காடு, இப்போதைக்கு காலனிக்காரங்க வீட்டுல உக்கார வச்சிருக்கோம். ரைட்டு அண்ணே, சாயங்கால நடைக்கு இதே மனுவ திருப்பி குடுக்கலாமா, இல்ல இந்த ஒரு மாசம் முடியுற வரைக்கும் பேசாம இருக்கணுமா?